அம்மாவுக்குக் கவுன்சலர் தேடுகிறேன் (சேலம்): நம்ம ஆளா, வெளியாளா?

கொலுசுப்பட்டறை
ஞாயிறு, இரவு 11.52

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அப்பா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. வருஷ திதி முடிந்த கையோடு அம்மாவுக்கு நெஞ்சுப் படபடப்பு ஆரம்பித்தது. ராத்திரி இரண்டரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். "நெஞ்சுக்குள்ள தறி ஓடற மாதிரி இருக்குடா" என்பார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாகிவிட்டது. இதயத்தில் ஒன்றுமில்லை. இதய டாக்டரே "ஒரு கவுன்சலரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்.

பார்த்தோம். யார், எங்கே என்று சொல்லப் போவதில்லை. ஏசி அறை, சுவர் முழுக்கச் சான்றிதழ். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" அம்மா என் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கேன்மா" என்றார். எடுத்த எடுப்பில் முன்பின் தெரியாதவரிடம் வேறு என்ன சொல்வார்?

கொஞ்ச நேரம் கழித்து, அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கும்போது அப்பா படத்திடம் பேசுவேன், அவரும் "சரி சரி"ன்னு சொல்ற மாதிரி காதில் விழும் என்று அம்மா சொன்னார். உடனே நோட்டில் வேகமாக ஏதோ எழுதினார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குரல் கேக்குதுங்கறாங்க, சைக்யாட்ரிஸ்ட் கிட்ட காட்டுங்க" என்றார்கள். அம்மாவிடம் சொன்னது இது: "எல்லாத்துக்கும் பையனையே நம்பி இருக்காதீங்க. தனியா இருந்து பழகணும்." ஆட்டோவில் வரும்போது அம்மா வாயே திறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "என்னை எங்கயாவது கொண்டுபோய் விடப் போறியா?" என்று கேட்டார்.

கவுன்சலர் நம் பழக்கவழக்கம் தெரிந்தவராக இருந்தால்தான் சரிப்படுமா, இல்லை எங்களுக்குக் கிடைத்தவர்தான் அப்படியா? என் மனைவி "நம்ம சனத்துலயே ஒருத்தர் இருக்காங்களாம்" என்கிறார். அம்மா அதற்கும் மாட்டேன் என்கிறார், காரணம் சொல்ல மறுக்கிறார்.


அஞ்சுரோட்டுக்காரன்
திங்கள், காலை 6.10

தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்தாச்சா? எங்கள் அத்தைக்கு இதே படபடப்பு, கடைசியில் தைராய்டு. முதலில் அதை முடிங்க. அப்புறம் மனசைப் பார்க்கலாம்.


கொலுசுப்பட்டறை
திங்கள், காலை 7.02

பார்த்தாச்சு அண்ணா. தைராய்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது. ரத்தம் 10.8, மாத்திரை போகிறது.


கோட்டைத்தெரு
திங்கள், பகல் 1.25

தம்பி, உங்கள் அம்மா "நம்ம சனம்" வேண்டாம் என்கிறாரே, காரணம் எனக்குத் தெரியும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு அழுகை நிற்கவில்லை. வீட்டில் உருது பேசுகிறவர்கள் நாங்கள். "நம்ம மொழி, நம்ம மார்க்கம், உனக்கு வசதியா இருக்கும்" என்று எங்கள் ஜமாத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கூட்டிப் போனார்கள். நல்லவர்தான். ஆனால் என் நாத்தனாருக்கு ஒரு வழியில் உறவு. மூன்றாவது தடவை போய் வந்த வாரம் ஒரு கல்யாண வீட்டில், பிரியாணி பரிமாறிக்கொண்டே ஒரு அம்மா "இப்ப தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கவுன்சலர் சொல்லாமலும் இருந்திருக்கலாம், அவர் வாசலில் நான் நின்றதை யாராவது பார்த்திருக்கலாம். எப்படியோ, அதற்குப் பிறகு அங்கே என் வாய் திறக்கவில்லை.

அப்புறம் போனது ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு கிறிஸ்தவ அம்மாவிடம். அவருக்கு எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றும் தெரியாது. ஆனால் ரம்ஜான் வருவதற்குப் பத்து நாள் முன்னால் அவராகவே கேட்டார்: "நோன்பு வெப்பீங்களா? வெச்சா டாக்டர் எழுதின மாத்திரையை எப்ப போடுவீங்க? சஹர்ல போடற மாதிரி மாத்தித் தரச் சொல்லலாமா?" அன்றைக்குத்தான், மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்து, பாதி நாள் போடாமலே இருந்ததை அவரிடம் சொன்னேன்.


சுண்ணாம்புக்கல்
திங்கள், பகல் 2.40

எல்லாம் சரி. இந்தக் கவுன்சலிங்கே மேல்நாட்டுச் சரக்கு. அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசியே இதெல்லாம் சரியாகவில்லையா? காசு கொடுத்துப் பேச வேண்டிய நிலைமை.


கோட்டைத்தெரு
திங்கள், பகல் 2.58

திண்ணையில் பேசினால் தெருவுக்கே தெரியும் அண்ணா. அதைத்தான் மேலே எழுதினேன்.


மலையடிவாரம்
திங்கள், இரவு 9.30

இந்த இழையை மத்தியானத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இதே தொழிலில் இருப்பவள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே ஆள் பிடிக்க வரவில்லை, அதனால் பெயர் வேண்டாம்.

முதலில் கொலுசுப்பட்டறைத் தம்பிக்கு. படையல் நேரத்தில் அப்பாவின் குரல் கேட்பதை மட்டும் வைத்து மனநோய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததையோ, பார்த்ததையோ, குரல் கேட்டதையோ சொன்னார்கள். பெரும்பாலானோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேல்ஸில் அமாவாசையும் கிடையாது, இலைப் படையலும் கிடையாது. ஆகவே உங்களுக்குக் கிடைத்தவருக்கு நம் பழக்கவழக்கம் தெரியவில்லை என்பது மட்டும் குறையல்ல. துக்கத்தைப் பற்றிய பாடமே சரியாகப் படிந்திருக்கவில்லை. எந்நேரமும் குரல் கேட்கிறது, அது திட்டுகிறது, ஏதாவது செய்யச் சொல்கிறது என்றால் வேறு கதை. அப்போது சைக்யாட்ரிஸ்டைத் தள்ளிப் போடக் கூடாது.

இன்னொன்று, படபடப்பு எப்போது ஆரம்பித்தது என்று எழுதினீர்களே, அதை மறுபடி படித்துப் பாருங்கள். வருஷ திதி வரைக்கும் வீட்டில் ஆள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். அது முடிந்த மறுநாள் எல்லோருக்கும் சாவு முடிந்துவிடுகிறது, அம்மாவுக்கு மட்டும்தான் முடியவில்லை. அமெரிக்க மனநலக் கையேட்டில் 2022-இல் "நீடித்த துக்கம்" என்று ஒன்றைச் சேர்த்தபோது 12 மாதம் என்று கணக்கு வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதம். அவரவர் சமூகத்தில் வழக்கமாக எவ்வளவு காலம் துக்கம் காப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று இரண்டிலுமே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்லக் கூடாது.

"பையனை நம்பி இருக்காதீங்க" என்றதற்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல் ஐயா இதை மேல்நாட்டுச் சரக்கு என்றார். பாதி சரி. ஆனால் 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர் நோயாளிகளின் குடும்பத்தாரையும் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியும் அதே வழியில் போனது, அங்கே கூட ஒரு ஆள் தங்குவது வைத்தியத்தின் பகுதி. அன்றைய மேல்நாட்டு மருத்துவமனைகளில் உறவினரை வெளியே நிறுத்தினார்கள். அம்மா மகனோடு இருப்பதை நோயாகப் பார்க்காத மரபு நம் நாட்டு மனநல மருத்துவத்திலேயே இருக்கிறது. படிப்பில் அது ஒரு பத்தியாகக் கடந்து போய்விடும், அவ்வளவுதான்.

என் பின்னணியைச் சொன்னால்தான் நான் எங்கே சறுக்கினேன் என்பது புரியும். அப்பா ஸ்டீல் பிளான்ட் தொழிலாளி. குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், எதிர்வீடு பீகார், பக்கத்து வீடு பாலக்காடு. "எனக்கு எல்லா மாதிரி மனுஷங்களையும் தெரியும்" என்ற திமிரோடுதான் தொழிலுக்கு வந்தேன். பயிற்சி பெங்களூரில். அங்கே அரைகுறைக் கன்னடத்தில் பேசவேண்டியிருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் வண்டி ஓடியது. சேலம் திரும்பியதும் மொழி முழுசாகத் தெரிந்துவிட்டது, கேட்பதை நிறுத்திவிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மாபேட்டையில் தறி நெய்கிற ஒரு அம்மா. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வி உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. முதல் கேள்வி, எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா என்பது. அந்த அம்மா சிரித்தேவிட்டார். "ஆர்வமா? பாவு ஏத்தினா நெய்யணும் கண்ணு. ஆர்வம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" நான் பூஜ்யம் போட்டேன். மொத்தம் 6 வந்தது, லேசான சோர்வு என்று அனுப்பிவைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் மகள் தூக்கிக்கொண்டு வந்தார், உடம்பில் பாதி இல்லை. இப்போதெல்லாம் ஆர்வத்தைக் கேட்பதில்லை. "சீரியல்ல கதை என்ன ஆச்சு?", "கடைசியா நீங்களா ஆசைப்பட்டு என்ன சமைச்சீங்க?" என்று கேட்கிறேன். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறேன்.

நான் முன்பு சொன்ன அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பான டிஎஸ்எம்-5-இல் பண்பாடு பற்றிக் கேட்க 16 கேள்வி கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள், இப்படிப் போகும். கடைசிக் கேள்விதான் இந்த இழைக்குப் பொருத்தம். பின்னணி வேறு வேறாக இருப்பதால் மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வது உண்டு, உங்களுக்கு அந்தக் கவலை இருக்கிறதா என்று நாமே கேட்டுவிட வேண்டும். நான் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதில்லை, முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.


பேருந்துநிலையம்
திங்கள், இரவு 10.45

மலையடிவாரம் அக்கா சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. நான் மறுபக்கம் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் காலனிக்காரன். கல்லூரி முடித்து வேலை கிடைக்காத ஒரு வருஷம் ரொம்ப மோசமாக இருந்தேன். ஒருவரிடம் போனேன். மனிதர் அன்பாகத்தான் பேசினார். சொந்த ஊர் எது தம்பி? சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்? சொல்லவில்லை. குலசாமி எது? அதுவும் சொல்லவில்லை. அப்பா பெயர் கேட்டார். இந்த நாலு கேள்வியும் எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வாடகைக்கு வீடு கேட்டால் இதே வரிசைதான், டீக்கடையிலும் இதே வரிசைதான். ஐம்பது நிமிஷத்தில் நாற்பது நிமிஷம் நான் அவர் கண்ணில் எந்தப் பெட்டியில் விழுந்தேன் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையேட்டில் இருந்ததைத்தான் கேட்டிருப்பாரோ என்னவோ. எனக்கு அது எப்படித் தெரியும்?


மலையடிவாரம்
திங்கள், இரவு 11.20

தம்பி, இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. நானும் குலசாமி கேட்டிருக்கிறேன். நம்பிக்கை வரட்டும் என்று நினைத்துக் கேட்பேன். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்து, பக்தி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்! நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு முகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் திரும்பி வரவே இல்லை.

இப்போது நான் செய்வது: எதற்காகக் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்பது, சொல்ல வேண்டாமென்றால் விட்டுவிடுவது. சாதியால் பட்ட காயம் இருந்தால் அதை அவராக எடுத்து வைக்கட்டும், நான் தோண்டக் கூடாது. ஆனால் அவர் எடுத்து வைத்தபிறகு "அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லி மூடவும் கூடாது. அப்படி மூடுகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய.


பேருந்துநிலையம்
செவ்வாய், காலை 8.05

சரி அக்கா. ஒத்துக்கொண்டதற்கு நன்றி. எனக்குப் பிறகு சரிப்பட்டது சைக்கிள் ஓட்டியதுதான், அது தனிக்கதை.


காப்பித்தோட்டம்
செவ்வாய், இரவு 8.50

ஏற்காட்டிலிருந்து. நாங்கள் மலையாளிப் பழங்குடி. கேரள மலையாளி இல்லை, எங்கள் பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலை ஏறினார்கள், அதில் சேர்வராயன் மலைக்கு வந்தவர் வழி நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தங்கை சேலத்தில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்தாள். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு நின்றுவிட்டது. பள்ளியில் ஒரு கவுன்சலரைக் கூப்பிட்டார்கள். படிவத்தில் இனம் என்ற இடத்தில் "மலையாளி" என்று பார்த்துவிட்டு, "உனக்கு மலையாளத்துல பேசினா ஈசியா இருக்குமா? எனக்குத் தெரிஞ்ச மேடம் இருக்காங்க" என்றாராம். தங்கைக்கு மலையாளத்தில் ஒரு சொல் தெரியாது. திருத்தச் சொல்லவும் பயம், தலையாட்டிவிட்டாள். அடுத்த வாரம் நிஜமாகவே ஒரு மேடம் வந்து மலையாளத்தில் பேசியிருக்கிறார். இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு, தன்னை யாரென்றே இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைத்து அழுதாளாம்.

அந்தக் கவுன்சலர் இன்னொன்றும் சொன்னார். தினமும் வீட்டுக்கு வீடியோ கால் பேச வேண்டுமாம். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் கோயில் பாறைக்கு ஏறணும்.

பிறகு வேறு ஒருவர் கிடைத்தார், பள்ளி டீச்சர் மூலமாக. அவரும் கீழ்நாட்டுக்காரர்தான். அப்பாவைப் பார்க்கணும் என்றார். அப்போது பழம் பறிக்கிற காலம், ஒரு நாள் கீழே இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அவர் புரிந்துகொண்டு தானே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு, வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராகிக் களி சாப்பிட்டார். தங்கையைப் பற்றி அன்றைக்குப் பேசியது பத்து நிமிஷம் இருக்கும். மிச்ச நேரம் மிளகுக் கொடியைப் பற்றி அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தங்கைக்கு நாலு நாள் விடுப்பு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். விடுதியில் முதலில் மறுத்தார்கள். "இது மருந்து மாதிரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.


அஞ்சுரோட்டுக்காரன்
செவ்வாய், இரவு 9.15

அந்த மலையாள மேடம் என்ன நினைச்சிருப்பாங்க பாவம்.


சுண்ணாம்புக்கல்
புதன், காலை 10.30

கோயில் என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். இவர் அம்மாவை ஒரு தடவை குறி கேட்கக் கூட்டிப்போனால் என்ன? குணசீலம் மாதிரி தலங்களுக்கு ஜனங்கள் காலம் காலமாகப் போகிறார்கள். கவுன்சலர் அதைச் சொன்னால் மூடநம்பிக்கை என்பார்.


கன்னங்குறிச்சி_ஏரி
புதன், காலை 11.12

ஏர்வாடியை மறந்துவிட்டீர்களா ஐயா? 2001 ஆகஸ்ட் 6. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகளின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் "கூட்டிப்போனால் என்ன" என்று கேட்கிறீர்கள். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டுவது குற்றம்.


மலையடிவாரம்
புதன், இரவு 10.05

இரண்டு பேருமே ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏர்வாடியில் கொன்றது சங்கிலியும் கீற்றுக் கொட்டகையும். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் முதலானோர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த, தீவிர மனநோயுள்ள 31 பேரைக் கவனித்தார்கள். தனிச் சடங்கு எதுவும் இல்லை, கோயில் வேலையில் கூடமாட இருந்தார்கள், வீட்டார் ஒருவர் உடனிருந்தார். சில வாரங்களில் நோயின் கடுமை சராசரியாக இருபது சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்காக மருந்தை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. வெறும் 31 பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் இல்லை. நான் குறி கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் "சாமி என்ன சொல்லிச்சு?" என்று கேட்பேன். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது பாதி நேரம் அதில் இருக்கும். பேய் ஓட்டுகிறேன் என்று அடித்தால் மட்டும் நான் சண்டைக்குப் போவேன்.


பெயர்_வேண்டாம்
வியாழன், நள்ளிரவு 12.40

சின்னதாக ஒன்று. பண்பாடு, பண்பாடு என்று எல்லோரும் எழுதுவதால்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இந்த ஊரில் ஒரு கவுன்சலர் என்னிடம் "நம்ம கலாச்சாரத்துல இது இல்ல தம்பி, ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்றார். என் வீட்டாருக்கும் அவருக்கும் ஒரே கலாச்சாரம், எனக்குத்தான் இடமில்லை. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி "மாற்றுகிற" வைத்தியத்துக்குத் தடை போட்டார். அதற்கு முன்னால், தனக்கே இது புரியவில்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். ஒரு நீதிபதியே போனார். எனக்குக் கிடைத்தவருக்கு அது தோன்றவில்லை.

இப்போது இன்னொருவரிடம் போனில்தான் பேசுகிறேன். வேறு ஊர்க்காரர். சேலத்தில் எந்த வாசலிலும் நிற்க வேண்டாம் பாருங்கள், அந்த நிம்மதி.


கோட்டைத்தெரு
வியாழன், காலை 6.50

வாசல் பிரச்சினை எனக்கும் புரியும் தம்பி. பத்திரமாக இருங்கள்.


மட்டுறுத்துநர்
வியாழன், காலை 9.00

தனிநபர் பெயர், கிளினிக் பெயர், தொலைபேசி எண் இழையில் வேண்டாம், தனிமடலில் பகிருங்கள். அவசரம் என்றால் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது.

யாரிடம் போனாலும் பதிவைக் கேட்டுப் பாருங்கள். சைக்யாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார், இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் வைத்திருப்பார். வெறும் "கவுன்சலர்" என்று பலகை மாட்டுகிறவர்களில் இரண்டு வருஷம் முறையாகப் படித்தவரும் உண்டு, வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் உண்டு. எங்கே படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.


கொலுசுப்பட்டறை
பதினேழு நாள் கழித்து, ஞாயிறு இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் கிடைத்த ஒரு எண்ணை வைத்து அம்மாவைக் கூட்டிப் போனேன். மூன்று தடவை ஆகிவிட்டது.

இந்தக் கவுன்சலருக்கு நாகர்கோவில் பக்கம். "அவ பேசறது பாதி புரியல, ஆனா கேக்கறா" என்றார் அம்மா. முதல் நாள் நானும் உள்ளே இருந்தேன். "எப்படி இருக்கீங்க"வே இல்லை. "வீட்ல உங்க வேலை என்னம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். அம்மா "சமையல்தான்" என்றார். "பட்டறையில?" என்றார். அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் அம்மா நிறுத்தவில்லை.

எங்கள் பட்டறையில் கொலுசு முடிந்து மெருகு போட்டு வந்ததும், எடை போடுவதற்கு முன்னால் அம்மா ஒவ்வொரு ஜோடியையும் காதருகில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். இரண்டும் ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். பற்றவைக்கும்போது எங்காவது ஒரு சலங்கை அடைத்திருந்தால் ஒரு கால் மட்டும் மந்தமாகக் கேட்கும். எனக்கு இன்றுவரை அந்த வித்தியாசம் பிடிபடாது, அப்பாவுக்கும் பிடிபடாது. முப்பது வருஷமாக அம்மா காது தாண்டித்தான் சரக்கு வெளியே போனது. அந்தக் கவுன்சலருக்குக் கொலுசைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. "மந்தமான்னா எப்படி? செஞ்சு காட்டுங்க" என்று தன் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அம்மா அதைக் காதருகே குலுக்கிப் பார்த்து, "இது உதவாது" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இப்ப யார் பார்க்கறாங்க?" என்று கேட்டார். அம்மா பேசாமல் இருந்தார். என்னை வெளியே அனுப்பினார்கள்.

அப்பா காரியம் முடிந்ததும் எங்கள் அத்தை, "கல்யாண ஆர்டருக்கெல்லாம் இனி நீங்க முதல் கை வைக்காதீங்க அண்ணி, போட்டுக்கறவங்க சுமங்கலியா இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அன்றோடு பட்டறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கிறார் என்று. என் பட்டறை, என் வீடு, பதினாலு மாதம். எனக்குத் தெரியாது. அம்மாவின் சம்மதத்தோடுதான் கவுன்சலர் இதை என்னிடம் சொன்னார்.

"நம்ம சனத்து" ஆளிடம் ஏன் வர மறுத்தார் என்பதும் தெரிந்தது. அவர் அத்தையின் கூட்டாளியாம்.


மலையடிவாரம்
ஞாயிறு, இரவு 10.55

சாவிக்கொத்தை நான் யோசித்திருக்க மாட்டேன். தூக்கம் எப்படி?


கொலுசுப்பட்டறை
ஞாயிறு, இரவு 11.08

முன்பு இரண்டரை, இப்போது நாலு மணிக்கு எழுகிறார். படபடப்பு முழுசாகப் போகவில்லை. டாக்டர் குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் எழுதியிருக்கிறார், அதைப் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. ஆடி வருகிறது, கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அம்மா வேலையாட்கள் போனபிறகு ஏழு மணிக்கு மேல் வருகிறார். விளக்கைக்கூடப் போடுவதில்லை. நேற்று எட்டு ஜோடி பார்த்தார், இரண்டைத் தள்ளி வைத்தார். அத்தை இன்னும் எங்களோடு பேசவில்லை. படையல் வழக்கம்போல நடக்கிறது.


அஞ்சுரோட்டுக்காரன்
திங்கள், காலை 6.15

தம்பி, அந்த இடம் மாடியா? எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது.


கொலுசுப்பட்டறை
திங்கள், காலை 7.30

மாடிதான் அண்ணா, 22 படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். போனில் சொன்னால் அவரே கீழே இறங்கி வருகிறார். அடுத்தாற்போல் இருக்கிற மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு, அங்கே உட்காரலாம். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போங்கள், அதுவரை அங்கே மருந்துப் பெட்டி அடுக்கியிருப்பார்கள். எண்ணைத் தனிமடலில் அனுப்பிவிட்டேன்.